மேகத்துக்கு ஒரு முஷ்டி மேலே

மூன்றாவது தடவையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இனிமேல் துணைக்கு வரமாட்டேன் என்று அண்ணன் கிளம்பும்போதே சொல்லிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. முதல் தடவை நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேரவும் மேகம் வந்து மலையை மூடவும் சரியாக இருந்தது. விடிய விடிய காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்ததுதான் மிச்சம். இரண்டாவது தடவை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் முட்டாள்தனம் முழுசாக வெளிப்பட்டது அன்றைக்குத்தான்.

நான் தேடிப் போனது ஸ்பிரைட். இடிமேகம் எவ்வளவு வளர்ந்தாலும் 15, 18 கிலோமீட்டரோடு தலை தட்டிவிடும். ஸ்பிரைட் வருவது அதற்கும் வெகு மேலே, 50-லிருந்து 90 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில். கீழே மேகத்தில் ஒரு பெரிய மின்னல் அடித்த கையோடு மேலே சிவப்பாக ஒரு ஒளி தோன்றி, கண் இமைப்பதற்குள் போய்விடும். சில சமயம் கேரட் மாதிரி, சில சமயம் ஜெல்லி மீன் மாதிரி, சில சமயம் வெறும் கம்பி கம்பியாக. படங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சரி, மின்னல் சம்பந்தப்பட்ட விஷயம். மலை உச்சி மின்னலுக்குப் பக்கம். ஆகவே இடி மழை வருகிற நாளாகப் பார்த்து மலை ஏறினால் போதும். இதுதான் என் கணக்கு. படித்துவிட்டுத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டாவது இரவில் மேகம் எங்களுக்கு 20 கிலோமீட்டர் தள்ளி நின்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு விருந்துதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மேகத்துக்குள்ளேயே ஓடும் மின்னல், தரையைத் தொடும் மின்னல், ஒரே தடத்தில் நாலைந்து முறை துடிக்கும் மின்னல். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தேன். 3 வினாடிக்கு 1 கிலோமீட்டர். முதலில் 50 வரை எண்ணினேன். அப்புறம் 40. அப்புறம் 25. மேகம் எங்களை நோக்கி வருகிறது என்று புரிந்தும், இன்னும் இரண்டு படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

அப்போது ட்ரைபாட் பேச ஆரம்பித்தது. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று, சரியாக மூடாத குழாயில் காற்று கசிவதுபோல மெல்லிய சத்தம். கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குனிந்தேன்.

"ஏய், உன் தலையைப் பாரு!" என்று அண்ணன் கத்தினான். பின்னலில் அடங்காத மயிரெல்லாம் குத்திட்டு நின்றதாம்.

"அண்ணா, கேமரா..."

"கேமராவாவது மண்ணாவது! வண்டியில ஏறு முதல்ல!"

கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. நடுவில் எண்ண ஒன்றுகூட இல்லை. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கூர்மையான எதன் நுனியிலும் காற்று அயனியாகி மின்னூட்டம் கசியும்போதுதான் அந்தச் சீறல் வரும். அதைக் கேட்ட பிறகும் நிற்பவர் மின்னல் போகும் பாதையில் நிற்கிறார். மயிர் நிற்கும்வரை காத்திருப்பதே தப்பு. இடி காதில் விழுந்தாலே உள்ளே போயிருக்க வேண்டும். முழுக்க இரும்புக்கூடு உள்ள கார் எங்களைக் காப்பாற்றியது. ஒரு கூடாரத்தை நம்பிப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா, தெரியாது.

வீட்டுக்கு வந்து சமாதானத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது சி. டி. ஆர். வில்சனின் கதை கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்துக்காரர், இயற்பியலாளர். 1894-இல் பென் நெவிஸ் மலை உச்சியிலிருந்த ஆய்வகத்தில் இரண்டு வாரம் வேலை பார்த்து, அங்கே மேகத்தின்மேல் விழும் ஒளி வளையங்களில் சொக்கிப்போனவர். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கப்போய், கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையைக் கண்டுபிடித்து 1927-இல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் எனக்குப் பிடித்தது பென் நெவிஸுக்கு அடுத்த வருடக் கதை. 1895 ஜூனில் பக்கத்து மலையின் உச்சியில் நின்றுகொண்டிருந்தபோது அவர் தலைமயிரும் அப்படியே எழுந்து நின்றிருக்கிறது. மனிதர் இறங்கி ஓடியிருக்கிறார். வளிமண்டல மின்சாரத்தின்மேல் அவருக்கு ஈடுபாடு வந்ததே அதற்குப் பிறகுதான். 1925-இல், இடிமேகத்துக்கு வெகு மேலே காற்று மின்சாரத்தால் உடைந்து ஒளிர முடியும் என்று எழுதினார். அதாவது ஸ்பிரைட்டை யாரும் படம் பிடிப்பதற்கு 64 வருடம் முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். எனக்கும் தலைமயிர் நின்றது, நானும் ஓடினேன். ஒற்றுமை அதோடு முடிந்தது.

அவர் கணக்கு எளிமையானது. மேலே போகப் போக மேகத்தின் மின்புலம் குறையும், வாஸ்தவம். ஆனால் காற்று அதைவிட வேகமாக மெலிந்துபோகிறது. 70 கிலோமீட்டரில் இருக்கும் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அவ்வளவு மெல்லிய காற்றை ஒளிரவைக்கச் சின்னப் புலம் போதும். சாதாரண நேரத்தில் மேல்வானம் கீழே மேகத்தில் சேரும் மின்னூட்டத்துக்குத் தக்கபடி மெதுவாகத் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். திடீரென்று ஒரு பெரிய மின்னல் அந்த மின்னூட்டத்தை அள்ளித் தரையில் கொட்டிவிட்டால் சரிக்கட்ட நேரமில்லை. அந்தச் சில மில்லிவினாடிக்கு மேலே புலம் எகிறுகிறது, நைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. கீழே அடிக்கும் மின்னல் வெல்டிங் பொறி மாதிரி, கொதிக்கும் சூடு. மேலே இருப்பது டியூப் லைட் மாதிரி, காற்றழுத்தம் குறைந்த இடத்தில் சூடில்லாமல் ஒளிரும் வாயு. (டியூப் லைட் என்று யாரைச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் விஷயம் அப்படித்தான் புரிந்தது, இரண்டு தடவை மினுக்கிய பிறகு.)

புரிந்தது இதுதான்: நான் போனது சரியான மலை, தவறான காரணத்துக்கு. மின்னலுக்காக மலையேறுபவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அடி வாங்கப் போகிறவர்கள். சுவிட்சர்லாந்தில் மோன்டே சான் சால்வதோரே மலைமேல் கார்ல் பெர்கர் 1940-களில் கோபுரம் நட்டு, அதில் விழும் மின்னலின் மின்னோட்டத்தைப் பல வருடம் அளந்துகொண்டே இருந்தார். அதே நாட்டில் 2,502 மீட்டர் உயரச் சான்டிஸ் சிகரத்தில் 124 மீட்டர் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 100 தடவை அதில் மின்னல் அடிக்கிறது. 2021-இல் ஆய்வாளர்கள் லேசர் கற்றையைப் பாய்ச்சி மின்னலைச் சுமார் 50 மீட்டர் தூரம் தாங்கள் காட்டிய வழியில் போகவைத்ததும் அங்கேதான். அங்கெல்லாம் அடி வாங்குவது கருவிகள். மனிதர்கள் உள்ளே பத்திரமாக இருப்பார்கள்.

இன்னொரு ஜாதி, தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள். அமெரிக்க வானிலை ஆய்வாளர் வால்டர் லயன்ஸ் 1993-இல் கொலராடோவில் யக்கா ரிட்ஜ் என்ற மேட்டில் கேமராவைச் சமவெளிப் பக்கம் திருப்பி வைத்து, தூரத்துப் புயலின் தலைக்குமேல் ஒரே இரவில் 200-க்கும் அதிகமான ஸ்பிரைட்களைப் பதிவு செய்தார். 2000 ஜூலையில் ஐரோப்பாவின் முதல் ஸ்பிரைட் படங்கள் பிரான்ஸின் பிக் து மிடி சிகரத்திலிருந்து கிடைத்தன, உயரம் 2,877 மீட்டர். இவர்களுக்கு மலை எதற்கு? தூசியும் புகையும் தெருவிளக்கும் காலுக்குக் கீழே போய்விடும், அடிவானம் மறைப்பில்லாமல் தெரியும். அவ்வளவுதான். இந்த ஜாதிக்குத் தலைக்குமேல் மேகமே இருக்கக் கூடாது.

எவ்வளவு தூரம் என்று முஷ்டியை வைத்துக் கணக்குப் போட்டேன். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. நாங்கள் போகும் உச்சி 2,200 மீட்டர் உயரம். 280 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடிமேகத்தின் உச்சி அடிவானத்திலிருந்து ஒரு விரல் அகலம்தான் உயர்ந்து தெரியும். ஸ்பிரைட்டின் கால் கிட்டத்தட்ட ஒரு முஷ்டி உயரத்தில், தலை ஒன்றரை முஷ்டியில். நடுவே இருப்பது நட்சத்திரம் தெரியும் வெறும் வானம். இதே மேகம் 20 கிலோமீட்டரில் இருந்தால்? ஸ்பிரைட் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே இருக்கும், நடுவில் மேகம் கூரைபோல விரிந்து மறைத்துவிடும். இரண்டாவது இரவில் என் தலைக்குமேல் ஸ்பிரைட் திருவிழாவே நடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

கேமராவிலும் அதே தப்பு. மின்னல் படம் எடுத்த பழக்கத்தில் அடிவானத்தை ஃபிரேமின் நடுவில் வைத்திருந்தேன். பாதிப் படம் மலையடிவார விளக்குகள். இந்தத் தடவை அடிவானத்தைக் கீழ் விளிம்போடு ஒட்டி வைத்தேன். 50 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் 1.4, ஐஎஸ்ஓ 25,600, வீடியோ. மங்கலான ஒளியும் பதிய வேண்டும் என்பதற்காக. படம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் வைத்து, வளையம் அசையாமல் செல்லோடேப் ஒட்டினேன். போன தடவை இருட்டில் கைபட்டு ஃபோகஸ் நகர்ந்து, ஒரு மணி நேரப் பதிவு குப்பையாகியிருந்தது.

மூன்றாவது இரவு போனில் மின்னல் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம். தெற்கே 280 கிலோமீட்டரில் ஒரு பெரிய மழைத் திரள். எங்கள் தலைக்குமேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. 9 மணிக்கு அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் யாரோ பழுதான பல்பைத் திருகித் திருகிப் போடுவதுபோல.

"இடிச் சத்தமே வரலையே" என்றான் அண்ணன்.

"வர்றதா இருந்தா 14 நிமிஷம் கழிச்சு வரும்ணா. ஆனா வராது. 20 கிலோமீட்டர் தாண்டினாலே காதுல விழாது."

"இப்படி ஊமைப் படம் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

சத்தத்துக்குப் பதிலாக ரேடியோ வைத்திருந்தேன். பழைய கைரேடியோவை மீடியம் வேவில், எந்த நிலையமும் கேட்காத இடத்தில் வைத்தால், மின்னல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் 'கர்ரக்' என்று கரகரக்கும். ஒளியோடு சேர்ந்தே வந்துவிடும். சின்ன மின்னலுக்கு ஒரு சொடக்கு, பெரியதற்கு நீளமாக ஒரு நறநறப்பு. அண்ணனுக்கு இது பிடித்துப்போனது. ரேடியோவை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பாறையில் மல்லாந்துவிட்டான்.

10 மணிக்கு மேல் மின்னல் குறைய ஆரம்பித்தது. அதுவரை நிமிடத்துக்கு இருபது முப்பது என்று துடித்துக்கொண்டிருந்தது, அரை நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது. ஓய்ந்துவிட்டது, கிளம்பலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த விஷயத்தில் வேடிக்கையே இதுதான்: புயல் கொந்தளிக்கும்போது ஸ்பிரைட் அதிகம் வராது. கொந்தளிப்பு முடிந்து, பின்னால் பாய்போல அகலமாக விரிந்து சாதுவாக மழை பெய்துகொண்டிருக்கும் பகுதியிலிருந்துதான் வரும். அங்கே மின்னல் குறைவு. ஆனால் ஒன்று கிளம்பினால் மேகத்துக்குள்ளேயே 100 கிலோமீட்டர்கூடப் படுக்கைவாட்டில் ஓடி, பரந்த இடத்திலிருந்து மின்னூட்டத்தைத் திரட்டிக்கொண்டு இறங்கும். தரையைத் தொடும் மின்னல்களில் பத்தில் ஒன்பது எதிர் மின்னூட்டத்தை இறக்குபவை. ஸ்பிரைட்டைக் கிளப்புபவை அநேகமாக மிச்சமிருக்கும், நேர் மின்னூட்டத்தை இறக்கும் மின்னல்கள்.

படித்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் ஒளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகிறது. மேகம் மினுங்கும்போதெல்லாம் நான் மேகத்தையே பார்த்தேன்.

11.52-க்கு ரேடியோ நீளமாக நறநறத்தது. மேகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெளுத்தது. நான் பேட்டரி அளவைப் பார்க்கக் குனிந்திருந்தேன்.

"ஏய்... செவப்பா என்னமோ. மூணு கோடு."

"எங்க?"

அவன் கை நீட்டிய இடம் மேகமே இல்லை. வெகு மேலே, நட்சத்திரங்களுக்கு நடுவே.

"விமானமா இருக்கும்ணா."

"விமானம் மூணு கோடாவா வரும்? வந்து உடனே போயிடுமா?"

நோட்டில் எழுதினேன். சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்: '11.52 — அண்ணன். சிவப்பு?'

"எதுக்கு அந்தக் கேள்விக்குறி?"

பதில் சொல்லவில்லை. அவனுக்கு மேகத்தின்மேல் எந்த ஆசையும் இல்லை, அதனால் வானத்தைப் பொதுவாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். நான் கேமரா திரையைப் பார்த்துப் பார்த்து அதை ஒவ்வொரு தடவையும் கெடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கண் மூன்று மணி நேரமாகப் பழகியிருந்தது. சரி என்று நானும் திரையை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். ஒரு கையை நீட்டி உள்ளங்கையால் மேகத்தை மறைத்துக்கொண்டேன். விரல் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்தது.

கை மரத்துப்போய் மாற்றிக்கொண்ட பிறகு, 12.31-க்கு, கைக்கு மேலே ஏதோ இருந்தது. இருந்தது என்று சொல்லும்போதே இல்லை. தண்ணீரில் நனைந்த விரலால் கரும்பலகையில் தொட்டதுபோல. அண்ணன் சிவப்பு என்றான். எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. மங்கலான ஒளியைப் பார்க்கும் செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அண்ணனுக்குத் தெரிந்ததே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஸ்பிரைட் சிவப்பு என்பதே 1994-இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தார் விமானத்தில் வண்ணக் கேமராவோடு போன பிறகுதான் பதிவானது. அதற்கு முன் கிடைத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். 1989 ஜூலை 6-ஆம் தேதி ஜான் விங்க்லரும் அவர் குழுவினரும் மின்னசோட்டாவில் எடுத்த முதல் படமே தற்செயல்தான். ராக்கெட் வேலைக்காக ஒரு கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இரண்டு தூண் தானாக வந்து மாட்டியது. அதற்கு முன்னால் விமானிகள் பார்த்துச் சொன்னபோதெல்லாம் பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'விமானமா இருக்கும்ணா' என்று நான் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் பேர் உண்டு. எல்வ்ஸ் என்று, 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மில்லிவினாடிக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்து மறையும் ஒளி வளையம். மேக உச்சியிலிருந்து நீலமாகப் பீய்ச்சி எழும் ப்ளூ ஜெட். 2001 செப்டம்பரில் போர்ட்டோ ரிகோவில் படமான ராட்சத ஜெட், மேகத்திலிருந்து 70 கிலோமீட்டர்வரை ஒரே வீச்சாக ஏறியது. என் கேமரா எதையும் காட்டவில்லை. எனக்கு இப்போதைக்கு ஸ்பிரைட் போதும்.

2 மணிக்கு இறங்கிவிட்டோம். மூன்று மணி நேர வீடியோ, வினாடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 2,70,000 ஃபிரேம். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுள் போதாது. முந்தைய ஃபிரேமிலிருந்து திடீரென மாறும் இடங்களைப் பொறுக்கித் தரும் மென்பொருளை ஓடவிட்டேன். முக்கால்வாசி கீழே மேகம் வெளுத்ததைக் காட்டியது. நாலைந்து எரிகற்கள். ஒரு பூச்சி, லென்ஸுக்கு முன்னால் குறுக்கே பறந்தது, ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டது. அதெல்லாம் போக எட்டு ஸ்பிரைட். எங்கள் கண்ணில் பட்டது இரண்டுதான். மிச்சம் ஆறும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்த வானத்திலேயே நடந்து முடிந்திருக்கின்றன.

கேமராக் கடிகாரம் போனைவிட 4 வினாடி பிந்தி ஓடியது. அதைக் கழித்துப் பார்த்தேன். 11.52-இல் ஒரே ஒரு ஃபிரேம். மேகம் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளையாகக் கொதிக்கிறது. அதற்கு மேலே கறுப்பு, நட்சத்திரம், கறுப்பு. ஒரு முஷ்டிக்கு மேலே மூன்று தூண்கள், தலை செங்கல் சிவப்பு, கீழே போகப் போக ஊதா நார்களாகப் பிரிந்து கரைகின்றன. நடுத் தூண் மட்டும் கொஞ்சம் உயரம். அடுத்த ஃபிரேமில் வெறும் நட்சத்திரங்கள்.

அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது. வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டான்.

"கேள்விக்குறிய அழிச்சியா?"

"பேனாவுல எழுதினதுண்ணா. அழியாது."

"அப்போ பக்கத்துல எழுது. மூணு கோடுன்னு."